மூன்றாவது குரல்

அக்கினி நட்சத்திரம் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. கரண்ட் போய் இரண்டு மணி நேரம். 2012-இல் அது எந்த வீட்டிலும் புதிதில்லை. சிதம்பரம் மேலவீதியே கதவைச் சாத்திக்கொண்டு புழுங்கிக் கிடந்த அந்த உச்சிவேளையில், காற்றுக்காகக் கதவைத் திறக்கலாமென்று சபரீஷ் தாழ்ப்பாளைத் தொட்டான். சில்லென்றிருந்தது. விரல் ஒட்டிக்கொள்கிற குளிர்.

எட்டு மாதத்துக்கு முன்னால், இமாசலத்தில், ஒன்பது நாள் மலைநடையின் ஆறாம் நாள், பதினைந்தாயிரம் அடிக் கணவாய்க்குச் சற்றுக் கீழே போட்ட கூடாரத்தின் ஜிப்பும் இப்படித்தான் விரலில் ஒட்டியது. கூட வந்தவன் தங்கை ஸ்ரீமதியின் கணவன் அருண்குமார். பனிப்புயலில் அறுந்த கூடாரக் கயிற்றைக் கட்ட வெளியே போனவன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அதனால் ஸ்ரீமதி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பாவம், தினமும் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

"ஒரு சத்தங்கூடவா கேக்கல உனக்கு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "காத்து ஜாஸ்திம்மா" என்பான் சபரீஷ். அந்தப் பொய் அவனை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே நறநறவென்று ஏதோ மிதிபட்டது. பனியில் பூட்ஸ் அழுந்துகிற சத்தம். நனைந்த கம்பளியின் வாடை. பிறகு, பல் கிட்டித்துப்போன ஒரு குரல்.

"மச்சான்…"

சபரீஷின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது.

"மச்சான்… தொற…"

சமையலறையிலிருந்து ஸ்ரீமதி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அவருதாண்ணா! தொறயேன்!"

"இரு. மூணாவது தடவ கூப்பிடட்டும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வெளியே ஆள் தெரியாமல் குரல் கேட்டால் மூன்றாவது அழைப்புக்குத்தான் திறக்க வேண்டும், பேய் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். அம்மா இருவருக்கும் சோற்றோடு ஊட்டிய பயம் அது. ஸ்ரீமதியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அங்கயும் கூப்பிட்டாரா?"

"ரெண்டு தடவ."

"நீ?"

"மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேம்மா." அவன் அழுதான். "விடியற வரைக்கும்."

அவள் அவனை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வெயில். வெறும் தெரு. வாசற்படியில், உள்ளே பார்த்தபடி, பனியில் பதிந்த இரண்டு பூட்ஸ் தடம். கொதிக்கிற சிமெண்டில் உருகாமல் இருந்தது.

ஸ்ரீமதி குனிந்து அதைத் தடவினாள். அழவில்லை. படியிறங்கி நின்று, கதவை இழுத்துச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு. வீட்டுக்குள் குளிர் ஏறியது. அவன் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

"ஸ்ரீமதி…"

வெளியே அவள் வளையல் சத்தம் கேட்டது. அங்கேதான் நின்றாள்.

"ஸ்ரீமதி… தொறம்மா…"

காத்திருந்தாள்.

மூன்றாவது முறை கூப்பிட அவன் வாயைத் திறந்தான். நாக்கு விறைத்துவிட்டது. பிடரியில் ஈரக் கம்பளி உரசியது.

"மச்சான்."