இரண்டு மணிக் கட்டம்

அக்கா தர வேண்டிய பாக்கி பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. காற்று மெத்தையில் பாதி, அதற்கு மோட்டார் வாங்கியதில் பாதி, பகலில் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளத்தில் பாதி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டையன் அந்தத் தொகையைப் பென்சிலால் எழுதி, கீழே கோடு இழுத்து வைத்திருந்தான். ஆத்திரம் வரும்போதெல்லாம் அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு தடவை இழுப்பான். தாள் அந்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது.

அதே நோட்டின் முன்பக்கத்தில்தான் கோளாறு தெரிந்தது.

இரண்டு மணிக் கட்டத்தில் 'இ' என்று எழுதியிருந்தது. அவன் எழுதவில்லை. இரண்டு மணிக்கு அவன் எழுந்திருக்கவே இல்லை.

கட்டையன் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். குள்ளம், ஆனால் தோள் கதவு அகலம். கிடங்கில் வைத்த பெயர் வீடுவரை வந்துவிட்டது. பெட்டியில் ஒட்டிய சீட்டைப் படிக்கத் தெரியாமல் ஏச்சு வாங்கி வாங்கி அலுத்துப்போய், நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துப் பழகினான். அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையான பிறகு, வாரம் ஒரு முறை வரும் நர்ஸம்மா அந்த எழுத்துக்கு ஒரு வேலை கொடுத்தாள். நோட்டில் கட்டம் போட்டு, நேரம் குறித்து, அம்மாவை எந்தப் பக்கம் படுக்கவைத்தான் என்று எழுத வேண்டும். இடது என்றால் 'இ'. நேராக என்றால் 'நே'. வலது என்றால் 'வ'.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். முதுகுல புண்ணு வந்துச்சுன்னா லேசுல ஆறாது," என்று நர்ஸம்மா செய்தே காட்டினாள். "ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. முழங்காலுக்கு நடுவுல தலையணை. விரிப்புல சுருக்கம் கூடாது. குப்புற மட்டும் போடவே கூடாது. அவங்களால தலையைத் தூக்க முடியாது, மூச்சு நின்னுடும்." போன வாரம் வந்தபோது அவன் கண்ணைப் பார்த்தாள். "நீங்க முழு ராத்திரி தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

"அம்மா விழுறதுக்கு முந்தின நாள் தூங்கினேன்."

"ஏழு மாசம். கூடப்பொறந்தவங்க யாரையாச்சும் கூப்பிடுங்க. உதவி கேக்குறது பிச்சை எடுக்குறது இல்ல."

"எனக்கு மூட்டை தூக்கத் தெரியும் நர்ஸம்மா."

"இறக்கி வைக்கத் தெரியுமா?"



இப்போது நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். செல்போனில் இரண்டு மணி அலாரம் அணைக்கப்பட்டிருந்தது. அம்மா இடது பக்கம் படுத்திருந்தாள். முழங்காலுக்கு நடுவே தலையணை அளந்து வைத்ததுபோல் இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அவன் எத்தனை முறை இழுத்தாலும் ஒரு மூலையில் சுருங்கியே தீரும் விரிப்பு அது. தூக்கக் கலக்கத்தில் நானே செய்திருப்பேன், கைப்பழக்கம்தானே என்று தேற்றிக்கொண்டான். எழுத்தும் அவன் எழுத்துதான். பெரியது, ஒரு பக்கம் சாய்ந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

உள்ளதைச் சொன்னால் கட்டையனுக்குச் சந்தோஷம்தான். நான்கு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினான். கிடங்கில் மேஸ்திரிகூட, "என்னடா கட்டையா, மூஞ்சியில ரத்தம் ஓடுது, கல்யாணமா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்ட உட்கார்ந்தான். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வாயைத் திறம்மா. நானும் மனுசன்தானே, நாள் பூரா நின்ன காலு."

"நீ முரடன்," என்றாள் அம்மா, பாதி வாயால், இழுத்து இழுத்து. "ராத்திரி வர்றவன் தங்கம்."

"ராத்திரி வர்றவனும் நான்தாம்மா. உனக்கு என்ன ஊருக்கு ஒரு பிள்ளையா?"

அம்மா கண்ணை அவன் பக்கம் திருப்பவில்லை. அறையின் மூலையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கைப் பார்த்தாள்.

"இல்ல. அவனுக்கு மூச்சே வாங்காது."

அன்று இரவு கட்டையன் பாயில் படுத்தான், தூங்கவில்லை. மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டார் உஸ்... உஸ்... என்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் தொண்டையில் சளி மெல்ல ஏறி இறங்கியது. மருந்து நெடி, பவுடர் வாசனை, வாளியில் ஊறும் துணியின் வாடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மூடிய ஜன்னலுக்குள் போர்வைபோலக் கனத்துக் கிடந்தன. தெருவில் கடைசி வண்டி போனது. அப்புறம் அதுவும் இல்லை.

இரண்டு ஆக ஒரு நிமிடம் இருக்கும்போது மோட்டார் நின்றது.

ஒரு வாடை வந்தது. சாக்கு. தூசி. காய்ந்த வியர்வை. கிடங்கில் பத்து மணி நேரம் நின்ற உடம்பின் வாடை. அவனுடைய வாடை. ஆனால் அவன் குளித்திருந்தான்.

கை கால் அசையவில்லை. கண் மட்டும் அசைந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஓர் அகல முதுகு. பனியனில் இடது தோளுக்குக் கீழே ஓட்டை. அதே ஓட்டை இருந்த பனியன் அவன் மேலும் இருந்தது. அந்த முதுகு குனிந்தது. ஒரு கை தோளில். ஒரு கை இடுப்பில். அம்மா பஞ்சுபோலத் திரும்பினாள். ஒரு முனகல் இல்லை. ஒரு மூச்சு இல்லை. விரிப்பு தானாக நீவிக்கொண்டது.

பிறகு பென்சில் தாளில் கீறும் சத்தம். நிதானமாக. இரண்டு தடவை.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் பாய்ந்து எழுந்து விளக்கைப் போட்டான். அறையில் யாரும் இல்லை. இன்றைய இரண்டு மணிக் கட்டத்தில் 'இ'. அதற்குக் கீழே, நாளைய வரிசையில், இன்னும் வராத இரண்டு மணிக் கட்டத்தில், அவன் கையெழுத்திலேயே வேறோர் எழுத்து.

'கு'.

அந்த எழுத்தை அவன் அந்த நோட்டில் ஒருநாளும் எழுதியதில்லை. குப்புற.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அப்போதுதான் அந்த இரவு ஞாபகம் வந்தது. மறந்ததுபோல அவன் நடித்துக்கொண்டிருந்த இரவு. ஒரே ராத்திரியில் மூன்று முறை விரிப்பு மாற்றினான். மூன்றாம் முறை, மணி இரண்டு, ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னான்: "போய்ச் சேர்ந்தாத்தான் என்ன?" அம்மாவுக்குக் கேட்டதா என்று தெரியாது. மறுநாள் இரவிலிருந்துதான் வேறு ஆள் வேலைக்கு வரத் தொடங்கியது. அவன் சொன்ன வேலையைத்தான் அது முடிக்கப் பார்க்கிறது.

விடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டான். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

எடுத்த எடுப்பிலேயே அக்கா, "பணத்துக்குன்னா அடுத்த மாசம்டா, சத்தியமா..." என்றாள்.

"பணம் வேணாம்க்கா. நீ வா."

"எதுக்கு?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருக்க இன்னொரு ஆள் வேணும். என்னால முடியலை."

"இந்த வார்த்தையைச் சொல்ல மகாராஜாவுக்கு ஏழு மாசம் ஆச்சா? 'நீ வந்தா எனக்குத்தான் இடைஞ்சல்'னு சொன்ன வாய்தானே அது?"

"அதே வாய்தான். திட்டுறதை நேர்ல வந்து திட்டு."

சாயங்காலமே பையோடு வந்துவிட்டாள். அம்மாவின் நகத்தை வெட்டினாள், தலையைச் சீவிவிட்டாள், கட்டையன் பாத்திரம் வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இரவு சாப்பிட்டு முடித்த பிறகு கட்டையன் சொன்னான். ராத்திரி வரும் ஆளைப் பற்றிச் சொல்ல நாக்கு வரவில்லை. மற்றதைச் சொன்னான்.

"ஒரு நாள் ராத்திரி நெனச்சேன்க்கா. அம்மா போய்ச் சேர்ந்துட்டா நல்லதுன்னு."

அக்கா பாத்திரத்தை ஈரத்தோடு அப்படியே வைத்தாள். "ஒரு நாள்தானா? நான் தினம் நெனைக்கிறேன்டா, அங்க இருந்துகிட்டே. போன் அடிச்சாலே, அந்தச் சேதிதானோன்னு ஒரு நிம்மதி வரும். அப்புறம் அழுகை வரும். அந்த வெட்கத்துலதான் நான் வரலை. பணம் இல்லைங்கறது சும்மா சாக்கு."

கட்டையனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. அந்த நேரம் உள்ளே, அலமாரிப் பக்கம், மரம் நெட்டி முறித்தது.

பத்து மணிக்கு 'நே'. பன்னிரண்டு மணிக்கு 'வ'. அக்கா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, "நான் இருக்கேன், நீ கண்ணை மூடு" என்றாள். அவன் பாயில் உட்கார்ந்தே இருந்தான். ஒன்றரைக்கு அக்காவின் தலை தொங்கியது. கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

மோட்டார் நின்றது.

வாடை. சாக்கு. தூசி. வியர்வை.

இந்த முறை அது எங்கிருந்து எழுகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் மேலிருந்து. ஈரச் சட்டையை உரிப்பதுபோல அவன் முதுகிலிருந்து ஒன்று உரிந்து, எழுந்து, நடந்தது. போகும்போது அவன் அலுப்பு முழுவதையும் அவனிடமே விட்டுப்போனது. ஏழு மாத அலுப்பு. பாயோடு அழுத்தியது.

குனிந்தது.

ஒரு கை தோளில்.

ஒரு கை இடுப்பில்.

அம்மா திரும்பினாள். இடது பக்கம். நிற்கவில்லை. இடதையும் தாண்டி. முகம் மெத்தையை நோக்கி.

கிடங்கில் நூறு கிலோவுக்கு முன்னால் நிற்கும்போது உடம்பு முடியாது என்றுதான் சொல்லும். உடம்பிடம் யார் கேட்டார்கள்? கட்டையன் முழங்காலை ஊன்றினான். ஒரு கால். இன்னொரு கால். கட்டிலின் இந்தப் பக்கம் விழுந்து அம்மாவின் தோளைப் பிடித்தான்.

"விடுடா."

அது தலை நிமிர்ந்தது. அவன் முகம்தான். ஆனால் தூங்கி எழுந்த முகம். கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை. கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"ஆமாடா, நெனச்சேன். நான்தான் நெனச்சேன். இல்லைன்னு சொல்லலை. நெனச்சதும் நான், அதுக்கப்புறம் துணியை அலசிப் போட்டதும் நான். ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறியே, ஏழு மாசத்தை எவன்டா கணக்குல வைப்பான்?" அவனுக்கு மூச்சு இரைத்தது. எச்சில் தெறித்தது. "அலுப்புத் தெரியாத உன்கிட்ட எங்கம்மாவைத் தர மாட்டேன். முரடனா இருந்தா முரடன். எடு கையை."

இழுத்தான். அதுவும் இழுத்தது. அதன் கை குளிர்ந்த இரும்பு. அவன் மூச்சு மரம் அறுக்கிற ரம்பத்தைப்போல் அறை முழுக்கக் கேட்டது.

மெத்தைக்குள்ளிருந்து அம்மாவின் குரல். "மூச்சு வாங்குது... முரடா, வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா."

அம்மாவின் நல்ல கை மெல்ல ஊர்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

எதிர்ப்பக்கம் பிடி விட்டது. அம்மா மல்லாந்து விழுந்தாள், இருமினாள், மூச்சு இழுத்தாள். அக்கா திடுக்கிட்டு எழுந்து, ஒன்றும் கேட்காமல், அம்மாவின் இடுப்பில் கை கொடுத்தாள். இரண்டு பேருமாக இடது பக்கம் திருப்பினார்கள். அக்காவுக்கும் மூச்சு வாங்கியது. விரிப்பின் மூலை சுருங்கிக் கிடந்தது. கிடக்கட்டும்.

கட்டையன் நோட்டை எடுத்து, 'கு'வை அடித்து, பக்கத்தில் 'இ' என்று அழுத்தி எழுதினான். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பதின் மேல் குறுக்கே ஒரு கோடு. பென்சில் முனை ஒடிந்தது.

"என்னடா அது?" என்றாள் அக்கா.

"உன் பாக்கி. தீர்ந்துச்சு. வாரத்துக்கு மூணு ராத்திரி உன்னுது."

"அடப்பாவி, அதுக்குப் பணமே தந்திருப்பேனே," என்று சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மோட்டார் இன்னும் ஓடவில்லை.

கட்டையன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். பார்த்த கண்ணைத் தாழ்த்தவில்லை. அலமாரி இடுக்கின் முன்னால், ஓட்டைப் பனியனோடு அது நின்றது. அதன் பக்கத்தில், அக்காவின் இரவு உடுப்பில், அக்காவைப்போலவே கொண்டை முடிந்து, கண்ணுக்குக் கீழே கருப்பில்லாத ஒருத்தி. இருவருக்கும் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. நான்கு கைகளும் கட்டிலை நோக்கி நீண்டிருந்தன. இரண்டு கை தோள் உயரத்தில். இரண்டு கை இடுப்பு உயரத்தில்.

"நாலு மணிக்கு நான், அக்கா," என்றான் கட்டையன், அவற்றையே பார்த்துக்கொண்டு. "நீ உட்காரு. ஆனா தூங்காதே."