மூன்றாவது ஸலாம்

நேற்று நானூற்றுப் பன்னிரண்டு மணித்தியாலம் என்று இருந்தது. இன்று நானூற்றுப் பதின்மூன்று.

பஸீஹா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். வீடியோ விளையாட்டின் முதலாவது சேமிப்பில் அவள் புருஷன் ஹிஷாமின் பெயர், அவன் விளையாடிய மொத்த நேரம், கடைசியாக நின்ற இடத்தின் சின்னப் படம். இரண்டாவது சேமிப்பு அவளுடையது. ஹிஷாமின் சேமிப்பை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. ஹிஷாம் மௌத்தாகி இன்றைக்கு நூற்று இருபத்திரண்டு நாள்.

புருஷன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு, அந்நிய ஆண்களின் கண்ணில் படாத அறை. வீட்டு வழக்கப்படி கண்ணாடிகளையும் டீவியையும், இத்தா முடியும்வரை பிள்ளையோடு துணைக்கு வந்து நிற்கும் அக்கா ஸஹ்னா ராத்தா, வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். இன்னும் எட்டு நாள் போனால் பஸீஹா மதுரங்குளிக்குப் போய் ராத்தா வீட்டிலிருந்தபடி முன்பள்ளியில் படிப்பிக்கலாம். எட்டே நாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. நாலு வருடம் அவனோடு வாழ்ந்தவள் அவள்.

ஹிஷாமின் விளையாட்டுப் பெட்டியைப் போடுவதற்காக டீவியின் துணியை இரண்டாம் மாதத்தில் அவளே உருவிப் போட்டாள். அதில் இருந்தது ஜப்பான்காரர்கள் இருபத்தைந்து வருடமாக ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டிருக்கும் வாட்சண்டை விளையாட்டு, மொத்தம் ஏழு பாகம். புதிதாக வருகிறவர்கள் மூன்றாம் பாகத்தில் தொடங்க வேண்டும், முதலிரண்டும் ஆளைக் கொன்றுவிடும் என்று ஹிஷாம் சிநேகிதர்களுக்குப் போனில் பள்ளிவாசல் மேடையில் நிற்கிற பெரிய ஆலிம் மாதிரி பயான் பண்ணுவான். தூசி தட்டுவதற்காக அவள் கொன்ட்ரோலரைத் தூக்கியதற்கு ஒருமுறை கன்னத்தில் அறைந்திருக்கிறான். அதற்காகவே அவள் முதலாம் பாகத்தில் தொடங்கினாள்.

பாலத்துக் காவலாளி அவளை அறுபது தடவை கொன்றான். அறுபத்தோராவது தடவை அவள் அவனுடைய தோளைக் கவனித்தாள். அடிக்கப் போகிறவனின் கை அசைவதற்கு முன் தோள் அசையும். அவளுக்கு வீட்டிலேயே கிடைத்த படிப்பு அது. அதன் பிறகு பாகம் பாகமாக ஏறி, இப்போது ஏழாவதில் நிற்கிறாள்.

ஏழு பாகத்துக்கும் பொதுவாக ஒரு சட்டம் உண்டு. வழியில் விளக்கு வீடுகள் வரும். உள்ளே போய் விளக்கை ஏற்றிவிட்டால் பேய்கள் வாசலோடு நின்றுவிடும். கதவை மூன்று தரம் தட்டும். நாம் பட்டனை அமத்திப் பதில் சொன்னால்தான் உள்ளே வரலாம், சொல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும்.

"ராத்தா, ராவையில நீங்க இந்தப் பொட்டியப் போட்டீங்களா?"

மரக்கறி அரிந்துகொண்டிருந்த ஸஹ்னா நிமிரவில்லை. "எனக்கு டீவியே ஒழுங்கா போடத் தெரியா. உனக்கு வெளிய போற நாள் கிட்ட வந்து மண்ட கொழம்பிட்டு, புள்ள."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து நானூற்றுப் பதினான்கு. ஹிஷாம் நின்ற படமும் மாறியிருந்தது. முன்பு மலையுச்சிக் கோட்டையில் நின்றவன் இப்போது அடிவாரத்துப் பாலத்தில் நின்றான். விளையாட்டில் எல்லோரும் மேலே ஏறத்தான் பாடுபடுவார்கள். இவன் இறங்கிக்கொண்டிருந்தான்.

அவள் அந்தச் சேமிப்பை அழிக்கப் பார்த்தாள். திரையில் ஒரு வரி வந்தது. இந்தச் சேமிப்பு பாவனையில் உள்ளது, அழிக்க முடியாது.

வயரைப் பிடுங்கித் துணியைத் திரும்பப் போர்த்தினாள். இரண்டு நாள்தான் தாங்கியது. அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் இருப்பது அதைவிட மோசமாக இருந்தது. உயிரோடு இருந்த காலத்திலும் பின்னேரமானால் அவனுடைய மோட்டார் சைக்கிள் எந்த முடக்கில் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் அவள் சோறு ஆக்கினாள்.

நூற்று இருபத்தாறாம் நாள், லுஹர் தொழுகை முடிந்த மதிய நேரம். ராத்தா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வரக் கேற்றைப் பூட்டிக்கொண்டு போனாள். பாலாவிப் பக்கம் போகும் லொறிகளின் இரைச்சல் தூரத்தில் கேட்டு அடங்கியது, தகரக் கூரை வெயிலில் ஒவ்வொரு தகடாக முறிகிற மாதிரிச் சத்தமிட்டது, ஜன்னல் திரைக்குள்ளால் உப்பளத்துக் காற்று சேற்று மணத்தை அள்ளிக்கொண்டு வந்து அறை முழுக்க நிரப்பியது. பஸீஹா துணியை உருவினாள். ஹிஷாமின் பிளாஸ்டிக் கதிரைக்கு முன்னால், பாயில் உட்கார்ந்தாள். அந்தக் கதிரையில் அவள் இன்றுவரை உட்கார்ந்ததில்லை.

நானூற்றுப் பதினைந்து. படத்தில் வெள்ளைவெளேரென்று கட்டம் கட்டமாக நிலம். ஓரத்தில் தென்னோலைக் கிடுகால் மூடிய உப்புக் குவியல்கள்.

ஜப்பான் கோட்டைக்குள் கிடுகு எப்படி வரும்.

அந்த உப்புப் பாத்தி அவளுக்குத் தெரியும். உப்பளத்து மேற்பார்வைக்குப் போன ஹிஷாம் அங்கேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான். அடுத்த நாள் வெயில் ஏறிய பிறகுதான் கண்டெடுத்தார்கள். மையித்தை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அவனது இரண்டு கண்ணும் உப்புப் பூத்து மூடியிருந்தன.

அவள் பயத்தில் தன்னுடைய சேமிப்பைத் திறந்தாள். விளையாட்டில் அவளுடைய ஆள் விளக்கு வீட்டுக்குள் நின்றான். விளக்கு எரிந்தது. திரையில் கதவு ஒருதரம் தட்டப்பட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அந்தச் சத்தம் திரையில் இருந்து வரவில்லை. கேற்றடியில் இருந்து வந்தது. ஆண் குரல். தொண்டைக்குள் தண்ணீர் நிற்கிற குரல்.

இத்தா வீட்டுக்கு வருகிற ஆண்கள் வெளியே நின்று ஸலாம் சொல்வார்கள். ராத்தா பதில் சொல்லி என்ன ஏது என்று விசாரிப்பாள். மூன்று ஸலாமுக்கும் பதில் இல்லையென்றால் வந்தவர் திரும்பிப் போய்விட வேண்டும். சின்ன வயதில் ஓதப் போன இடத்திலேயே சொல்லிக் கொடுத்தது. பஸீஹா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

திரையில் இரண்டாம் தட்டு.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இப்போது முன்கதவடியில். கேற்றுப் பூட்டு திறந்த சத்தம் கேட்கவில்லை. கதவின் கீழ் இடைவெளியில் ஒரு நிழல் வந்து நின்றது. உப்புச் சேற்றின் மணம் கூடியது.

போய்விடும். பதில் சொல்லாவிட்டால் போய்விடும். ஏழு பாகத்திலும் அதுதான் சட்டம். அவள் விரலைப் பட்டனில் இருந்து எடுத்தாள். கொன்ட்ரோலரை மெதுவாக மடியில் வைத்தாள். இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டாள். அமத்த மாட்டேன். என்ன நடந்தாலும் அமத்த மாட்டேன்.

நேரம் போனது. நிழல் அசையவில்லை. பிறகு அது இல்லை. முற்றத்தில் யாரோ விலகி நடக்கும் சத்தம். கேற்றின் இரும்பு கிறீச்சிட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. மூச்சு வந்தது. இன்னும் நாலு நாள், மதுரங்குளி, முன்பள்ளிப் பிள்ளைகள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், பஸீஹா."

ராத்தாவின் குரல். கதவுக்கு வெளியே, பிள்ளையைக் கூட்டி வந்து களைத்த குரல்.

"வஅலைக்கும் ஸலாம்," என்றாள் பஸீஹா.

கதவு திறக்கவில்லை. யாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது என்று சுவர் மணிக்கூடு காட்டியது.

திரையில் விளக்கு அணைந்தது. விளக்கு வீட்டின் கதவு அகலத் திறந்து கிடந்தது. சேமிப்புப் பக்கம் தானாக வந்தது. ஹிஷாம், நானூற்றுப் பதினாறு. படத்தில் ஒரு அறை. ஒரு பாய். வெள்ளை உடுத்த பெண் ஒருத்தியின் முதுகு.

அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரை பாரம் ஏறி முனகியது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

டீவி அணைந்தது. அவள் கையாலேயே துணி உருவிய கறுப்புக் கண்ணாடி. அதில் அவள். அவள் தோளுக்கு மேலே வெள்ளையாகப் பூத்த இரண்டு கண். தோள் ஒன்று அசைந்தது. அவளுக்குத் தெரிந்த தோள். பிறகு அந்தக் கை, உப்பு உதிர உதிர, அவளது மடியில் கிடந்த கொன்ட்ரோலரை நோக்கி நீண்டது.