வீடு பார்க்க வந்தவள்

வீடு பார்க்க வந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். வாசலில் மட்டும் ஒரு ஜோடி செருப்பு மிச்சமிருந்தது. பெண்கள் போடுகிற செருப்பு, மழையில் ஊறிப் பொதபொதவென்று கிடந்தது.

அந்த மாடி வீட்டில் குடியிருந்த சின்னவளுக்கு எரிச்சல்தான் வந்தது. பயப்பட அவளுக்கு நேரம் ஏது? முனைவர் பட்ட ஆய்வேட்டில் கடைசித் திருத்தங்கள் பாக்கி. விடிந்தால் கொடுத்தாக வேண்டும். வேலை கிடைத்த ஊரில் வேறு வீடு பிடித்தாகிவிட்டது. இந்த வீட்டு வாடகை ஒப்பந்தமோ கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "உங்க இடத்துக்கு ஒரு ஆள வச்சிட்டு நகருங்க. இல்லேன்னா ஒரு பெட்டிகூட படி இறங்காது" என்று கீழ்த்தளத்து வீட்டுக்காரர் காலையிலும் வந்து உறுமிவிட்டுப் போயிருந்தார்.

அதனால் வருகிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டி, அறை அறையாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். இன்று தரகர் அழைத்துவந்த புருஷனும் பெண்டாட்டியும் மூக்கைச் சுளித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தலை நனைந்து வந்த அம்மாள் மட்டும் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தாள். "பிடிச்சிருந்தா இன்னிக்கே வந்துடுங்கம்மா" என்று அவளிடம் சின்னவள் சொல்லியும் வைத்தாள்.

தரகரை ஃபோனில் பிடித்தாள்.

"அண்ணே, அந்தம்மா செருப்ப விட்டுட்டுப் போயிட்டாங்க."

"எந்தம்மா?"

"அவங்க ரெண்டு பேரோட வந்தாங்களே, ஈரத் தலையோட."

"அட, அவங்க உங்க வீட்டு ஆளில்லையா? நான் கூட்டிட்டு வந்தது புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரத்தான்."

ஃபோனை வைத்தாள். வெளியே மழை வலுத்து, சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. சன்னல் தகரத்தில் விழும் சொட்டுச் சத்தத்துக்கு நடுவே, படுக்கையறைப் பக்கமிருந்து, நாள்கணக்கில் காயாத துணியும் கழுவாத தலைமுடியும் சேர்ந்து புளித்தாற்போன்ற ஒரு வாடை, யாரோ மூச்சு விட்டு மூச்சு வாங்குவதுபோல் வந்து வந்து போனது. போகும்போது அந்த அம்மாளைப் பார்த்தோமா? படியில் இரண்டு குடை விரிந்தது ஞாபகம் இருந்தது. மூன்றாவது ஆள் இறங்கியது ஞாபகத்தில் இல்லை.

குளியலறையில் யாருமில்லை. சமையலறையில் யாருமில்லை. படுக்கையறையில் அட்டைப்பெட்டிகள் கட்டி வைத்தபடியே இருந்தன. ஆனால் சின்னவளின் மெத்தையில், அவள் ஒருக்களித்துப் படுக்கும் அதே பக்கம், ஒரு ஆள் நீளத்துக்கு ஈரம். முழங்கால் மடங்கிய இடம்கூடத் தெரிந்தது.

வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள். வீட்டுக்காரர் கதவை ஒரு சாண் திறந்தார்.

"சார், மேல யாரோ இருக்காங்க. கொஞ்சம் வந்து பாருங்க சார்."

"இருக்கட்டுமே. ஆள் கொண்டு வரச் சொன்னேன், கொண்டு வந்துட்டீங்க. இப்பதான் எங்கிட்டயும் பேசிட்டுப் போனாங்க. பிடிச்சிருக்காம்."

"வீடா சார்?"

அவர் அவளை உச்சந்தலை முதல் கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"அத நான் கேக்கல" என்று கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தெருவுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் மேசைமேல் லேப்டாப் இருந்தது. அத்தனை வருஷ உழைப்பும் அதற்குள்தான். எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடலாம், அக்கா வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

கதவு திறந்தே கிடந்தது. செருப்பைக் காணோம்.

நாலு எட்டில் மேசை. கையை நீட்டினாள். கரண்ட் போனது.

லேப்டாப் வெளிச்சம் மட்டும். அந்த வாடை. இப்போது பக்கத்தில்.

பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. குளிர்ந்த கை. அழுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்தாள். எழப் பார்த்தாள். கை விடவில்லை.

அந்த அம்மாள் முன்னால் வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சின்னவளின் மடியில் சொட்டியது. அவள் சின்னவளை மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஒரு கண்ணிமையைத் தூக்கி விட்டாள். அடுத்ததையும் தூக்கி விட்டாள். மூக்குக்குக் கீழே புறங்கையைப் பிடித்தாள்.

"நல்லா காத்து வருது" என்றாள் திருப்தியாக.

பிறகு ஈர விரல்கள் கீழ்த்தாடையைப் பிடித்து இறக்கின. இன்னும். இன்னும் கீழே. எங்கோ எலும்பு நெரிந்தது.

அந்த அம்மாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தாழ்ந்த வாசலில் நுழைகிறவள்போலத் தலையைக் குனிந்தாள்.