பூட்டுக்காரர் திறக்காத பூட்டு

மின்மினியின் அப்பா பூட்டுக்காரர். சாவி தொலைந்தால், பூட்டு மக்கர் பண்ணினால், தெருவே அவரைத்தான் தேடி வரும். காதைப் பூட்டோடு ஒட்டிவைத்து, கம்பியை லேசாகத் திருப்புவார். கிளிக்! அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திருதிருவென்று முழித்தார்.

"பாஸ்வேர்டு தப்பாம். மறுபடியும் தப்புங்குது."

"நல்லாப் பாத்து அடிங்கப்பா!"

"பாத்துத்தானே அடிக்கிறேன்?"

உண்மைதான். அப்பா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்துத்தான் தட்டுவார். மின்மினி மதியம் துடைத்து வைத்த கீபோர்டு பளிச்சென்று இருந்தது. திரையில்தான் எழுத்துக்குப் பதில் வெறும் புள்ளிகள்.

மின்மினி கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. அம்மாவுக்குப் பயணிகள் கப்பலில் சமையல் வேலை. கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நின்றால்தான் முகம் பார்த்துப் பேச முடியும். அப்பாவின் பழைய பட்டன் போன் அதற்கு உதவாது. கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் வீடியோ அழைப்புதான் கதி. பாஸ்வேர்டு கேட்டது அதுதான்.

போன தடவை பேசியபோது மின்மினியின் முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக விசிலடிக்கவும் பழகியிருந்தாள். முதலில் அம்மாவுக்குத்தான் காட்ட வேண்டும் என்று பள்ளியில்கூட வாயை மூடிக்கொண்டே சிரித்தாள்.

"'மறந்துட்டீங்களா'ன்னு ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்குங்க."

அமுக்கினார். மெயிலைத் திறக்கச் சொன்னது. மெயிலைத் திறக்கப் போனால் அதுவும் பாஸ்வேர்டு கேட்டது. அதற்கும் அதே பாஸ்வேர்டுதான். அதுவும் தப்பாம்.

"சாவிய உள்ள வெச்சுட்டு வீட்டைப் பூட்டுன கதையா இருக்கு," என்றார் அப்பா.

அம்மாவின் பிறந்தநாளை அடித்துப் பார்த்தார். கடை திறந்த வருடத்தை அடித்துப் பார்த்தார். கடைசியில் கம்ப்யூட்டர் பொறுமை இழந்தது. பல முறை தவறிவிட்டதாம், இனி நாளைக்குத்தான் முயல வேண்டுமாம்.

நாளைக்குக் கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

அப்பா எழுந்து போய் பட்டறை மேஜை முன்னால் உட்கார்ந்தார். அரத்தை எடுத்தார். ஆனால் எதையும் அராவவில்லை.

"போன மாசம் பாஸ்வேர்டை மாத்தினேன் போல. மாத்திட்டு மறந்திருக்கேன். ஊர்ப் பூட்டெல்லாம் திறந்து என்ன புண்ணியம்? என் மண்டை துருப்பிடிச்சுப் போச்சு. உங்கம்மா அங்க காத்துக்கிட்டு இருந்திருப்பா."

மின்மினிக்கு அழுகை முட்டியது. அம்மாவுக்கு நாளை அனுப்பவாவது ஏதாவது எழுதி வைக்கலாம் என்று வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். ஆங்கில எழுத்துகளில் 'அம்மா' என்று அடித்தாள்.

திரையில் 'அண்ணா' என்று வந்தது.

அண்ணாவா? அவளுக்கு அண்ணனே கிடையாதே! 'எம்' எழுத்துப் பட்டனை மட்டும் தட்டிப் பார்த்தாள். 'என்' வந்தது. 'என்' பட்டனைத் தட்டினாள். 'எம்' வந்தது.

மின்மினி குனிந்து கீபோர்டை உற்றுப் பார்த்தாள்.

சாவி அராவும்போது பறக்கும் பித்தளைத் தூள் கீபோர்டின் இடுக்கெல்லாம் புகுந்திருந்தது. அம்மா கூப்பிடுகிற நாளாயிற்றே என்று மதியம் அவள்தான் பட்டன்களைச் சின்னத் திருப்புளியால் நெம்பிக் கழற்றி, பிரஷால் சுத்தம் செய்து, திரும்ப மாட்டினாள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டை மட்டும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறாள்.

அப்பா எதையும் மறக்கவில்லை. அம்மாவைக் காக்கவைத்தது அவள்.

சத்தமில்லாமல் திருப்புளியை எடுத்து இரண்டு பட்டன்களையும் மாற்றி மாட்டினாள். டக், டக். வேலை முடிந்தது. இனி யாருக்கும் எதுவும் தெரியாது.

"அடுத்த தடவை நானே உங்கம்மாகிட்ட சொல்லிடறேன்," என்றார் அப்பா, தலையைத் தூக்காமலே. "தப்பு என்னோடதுதானே."

அவர் அப்படிக் குனிந்து உட்கார்ந்து மின்மினி பார்த்ததே இல்லை. அவளால் தாங்க முடியவில்லை.

"உங்க மண்டை துருப்பிடிக்கலப்பா. நான்தான்..." என்று தொடங்கி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அப்பா எழுந்து வந்து கீபோர்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது.

"ஏன் என்னைக் கேக்காம கழட்டின?"

"நீங்க ஆச்சரியப்படணும்னு..."

அப்பா பெருமூச்சு விட்டார். "ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

அன்று இருவரும் அதிகம் பேசாமலே சாப்பிட்டார்கள். ஆனால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அது மின்மினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "இன்னிக்கு நீயே அடி."

"பாஸ்வேர்டு என்னப்பா?"

"வேற என்ன, உன் பேர்தான். மின்மினி. அதையே மறந்துட்டேனோன்னுதான் நேத்தெல்லாம் பயந்துக்கிட்டு இருந்தேன்."

மின்மினி தன் பெயரை மெதுவாக அடித்தாள். எம்மும் என்னும் சரியாக விழுந்தன. திறந்தது.

உள்ளே அம்மாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. எதையும் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு குரல் செய்தி இருந்தது.

"என்னாச்சு உங்களுக்கு? சாப்டீங்களா? மின்மினி, அந்த ஆடுற பல்லு விழுந்துடுச்சா? போட்டோ எல்லாம் அனுப்பாதே. பேசும்போது நானே பாத்துச் சிரிக்கணும். அடுத்த துறைமுகம் வர நாளாகும். அதுக்குள்ள புதுப் பல்லு முளைச்சுடாம பாத்துக்கோ, சரியா?"

பின்னால் கப்பலின் சங்கு ஊதியது. செய்தி முடிந்துவிட்டது.

மின்மினி பதில் எழுதினாள்: 'அம்மா, அப்பா மறக்கல. நான்தான் பட்டனை மாத்தி மாட்டிட்டேன். மன்னிச்சுக்கோ.' ஒவ்வோர் எழுத்தையும் திரையில் சரிபார்த்த பிறகே அனுப்பினாள்.

அதன் பிறகு அவள் விசிலடிக்கவில்லை. புதுப் பல் அவசரப்பட்டு எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று, அந்த ஓட்டையை நாக்கால்கூடத் தொடாமல் இருந்தாள்.