மிதுனனுக்கு வைத்த கிளாஸ்

இப்போதெல்லாம் சனத்துக்குப் பேய்கூட விளையாட்டுச் சாமானாகிவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குக் கீழே நின்று சிரித்துப் படமெடுக்கிறார்கள். வன்னியில் சண்டை முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தியாகலிங்கத்தால் அந்த எலும்பைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் மகள் நிலாணி வீட்டு பேஸ்மென்டுக்குள் இறங்கினார்.

ஹலோவீன் என்கிற பேய்த் திருநாள் விருந்துக்கு இன்னும் ஒருவரும் வந்திருக்கவில்லை. மேசையில் கிளாஸ்கள் நிறைந்திருந்தன. மாதுளஞ்சாறு கலந்த வொட்கா இரத்தமாய்ச் சிவந்திருந்தது. கறுத்த றம்மில் உரித்த றம்புட்டான் கண்முழிபோல மிதந்தது. நிலாணி டிரை ஐஸைப் போடப் போட, வெள்ளைப் புகை மேசையால் வழிந்து தரையில் ஊர்ந்தது.

"உதென்ன பிள்ளை, குடிக்கிறதுக்கோ, பயப்பிடுறதுக்கோ?"

"ரெண்டுக்கும்தான் அப்பா. வேலையிடத்து ஆக்கள் கேட்டவை."

மூலையில் ஒரு கிளாஸ் மட்டும் தனியாக நின்றது. புகையில்லை, நிறமில்லை. தேசிக்காயும் உப்பும் போட்ட சோடா. கடைசிச் சண்டையில் காணாமற்போன மூத்தவன் மிதுனன் ஆசையாகக் குடிப்பது அதுதான்.

"உதை எடு."

"அப்பா..."

"செத்த ஆக்களுக்குத்தான் படைக்கிறது. உன்ரை அண்ணன் தடுப்புக் காம்பிலை இருக்கிறான். எடடி!"

"எல்லாக் காம்பிலையும் விசாரிச்சாச்சு அப்பா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். கிளாஸில் இருந்ததைக் கொட்டிவிட அவரே கைநீட்டினார்.

ஊர்ந்த புகை நின்றது.

பிறகு அவ்வளவும் மூலைப் பக்கம் திரும்பியது, யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல.

ஈர மணலும் கருகிய துணியும் மணத்தன.

கிளாஸில் சோடா மெல்ல இறங்கியது. கடும் விடாயில் குடிக்கும் தொண்டையின் சத்தம் கேட்டது.

"தம்பி...?"

காதோரம், வறண்ட குரல்.

"போறன் அப்பா."

தியாகலிங்கம் குரல் வந்த பக்கம் திரும்பினார். வாசல் தாண்டும்போது 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும், 'போறன்' என்றால் திரும்பி வராதவன் பேச்சு என்று அடித்துப் பழக்கியவர் அவர். மிதுனனின் வாயில் அது ஒருநாளும் தவறியதில்லை.

"வாறன் எண்டு சொல்லடா," என்று கெஞ்சினார். "ஒருக்காச் சொல்லு, ராசா."

வெறும் கிளாஸின் விளிம்பில் ஓர் உதட்டுத் தடம், மணல் ஒட்டியபடி ஈரமாக இருந்தது.

அவர் அதைத் தொடவில்லை.

"உது அவனில்லை," என்று உரக்கச் சொல்லிக்கொண்டு படியேறினார். "என்ரை பெடியன் போறன் எண்டு சொல்லமாட்டான்."