முந்நூறாவது சால்

புதுச்சேரிப் பக்கம் ஒதியம்பட்டில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம். ஆதிலட்சுமிக்கு அப்போது பத்து வயது. அவள் மனசு மட்டும் சொன்ன இடத்தில் நிற்காது. எங்கே வேண்டுமானாலும் போய்விடும்.

அவர்கள் வயலில் ஒரு பங்குக் கிணறு இருந்தது. பாதி ஆதியின் அப்பா சம்மந்தத்துக்கு, பாதி பக்கத்து வயல் அரிகிருஷ்ணனுக்கு. கோடையில் தண்ணீர் குறைவு. அதனால் காலையில் இவர்கள் ஏற்றத்தில் முந்நூறு சால் இறைப்பார்கள். பிறகு அவர்கள் முந்நூறு. சால் என்றால் ஏற்றத்தில் தொங்கும் இரும்பு வாளி.

ஏற்ற மரத்தின் மேல் அண்ணன் மணவாளன் முன்னும் பின்னும் நடப்பான். வாளி இறங்கும், ஏறும். கீழே அப்பா அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். சித்தப்பா பாட்டாகப் பாடி எண்ணுவார். அவர் மில் வேலைக்குப் போனதும் அந்த வேலை ஆதிக்கு வந்தது. அப்பாவே பாடலாமே என்று கேட்காதீர்கள். அவர் பாடினால் அண்ணன் சிரித்துச் சிரித்து மேலேயிருந்து விழுந்துவிடுவான்.

ஆதி கிணற்றோரம் உட்கார்ந்து எண்ணுவாள். எண்பது வரை ஒழுங்காகப் போகும். அப்புறம் ஒரு தும்பி வரும். வாய்க்கால் தண்ணீரில் ஒரு மேகம் மிதக்கும். அந்த மேகத்தில் ஏறிக்கொண்டால் கடல் வரை போகலாமா? கடலில் அது கரைந்துவிடுமா?

"எவ்ளோ ஆச்சுடி?" என்பார் அப்பா.

"நூத்தி முப்பதா இருக்கும்பா."

"இருக்குமா?"

அம்மா வேலம்மாள் தாயத்துக் கட்டினாள். ஏழு நாள் வல்லாரைத் துவையல் கொடுத்தாள். எட்டாம் நாள் துவையல் கிண்ணத்தை எங்கே வைத்தோம் என்பதை ஆதி மறந்துவிட்டாள்.

"ஆடாம அசையாம உக்காந்து எண்ணு" என்றார் அப்பா. ஆதி அசையாமல்தான் உட்கார்ந்தாள். மனசு இன்னும் வேகமாகப் பறந்தது.

ஒரு நாள் எண்ணிக்கை ரொம்பவே தப்பி, முந்நூறைத் தாண்டி இறைத்துவிட்டார்கள். அரிகிருஷ்ணன் முறையில் பாதியிலேயே சேறு வந்தது. அவருடைய கத்தரிச் செடிகள் வெயிலில் வாடித் தொங்கின.

"இது மூணாவது தபா, சம்மந்தம். இன்னொரு தபா ஆச்சுன்னா மேரிக்குப் போயி எழுதிக் குடுத்துடுவேன்" என்றார் அவர். மேரி என்பது கொம்யூன், அதாவது ஊராட்சி அலுவலகம். அங்கே போனால் வழக்குதான்.

"நாளையிலேருந்து நீ வூட்டுலயே இரு, ஆதி" என்றார் அப்பா. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேண்டுமென்றே யாராவது மறப்பார்களா?

அழுதுகொண்டே வரப்பில் நடந்தாள். வீட்டு வாசலில் கால் வைத்ததும் வாய் தானாக, "அறுநூத்திப் பன்னெண்டு" என்றது.

ஆதி அப்படியே நின்றாள். கிணற்றிலிருந்து ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். வழியில் கொக்குகளைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்தாள். ஆனாலும் எண் நழுவவில்லை. கிணறு வரை திரும்ப நடந்து பார்த்தாள். மறுபடியும் அறுநூற்றுப் பன்னிரண்டு.

மறுநாள் காலையில் அப்பாவிடம் கேட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்பா. நான் நடந்துகிட்டே எண்ணுறேன்."

"உக்காந்தே எண்ண வரல. நடந்துகிட்டு எண்ணுவியா?"

"உக்காந்தாத்தான்பா மனசு ஓடிப்போவுது. கால் நடந்தா அதுவும் கூடவே வருது."

"நடக்கட்டும்பா. நான் மட்டும் தனியா ஏன் நடக்கணும்?" என்றான் அண்ணன்.

மேலே அண்ணன் முன்னே போனால் கீழே ஆதியும் மூன்றடி முன்னே போனாள். அவன் பின்னே வந்தால் அவளும் பின்னே வந்தாள். தும்பி வந்தது. மேகமும் வந்தது. மனசு மேகத்தோடு கொஞ்ச தூரம் போனது. கால் திரும்பியதும் அதுவும் திரும்பி வந்தது. நூற்றெண்பது. இருநூற்று நாற்பது.

வரப்பில் அரிகிருஷ்ணன் குந்தியிருந்தார். மடியில் முந்நூறு புளியங்கொட்டை. சாலுக்கு ஒன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். இன்று தப்பினால் நேரே மேரிதான்.

"முந்நூறு. நிறுத்துண்ணா" என்றாள் ஆதி.

அப்பா அரிகிருஷ்ணனைப் பார்த்தார். அவர் மடியைத் தடவினார். பிறகு உதறினார். ஒரு கொட்டைகூட விழவில்லை. கடைசிக் கொட்டை அந்தக் கடைசிச் சாலுக்குத்தான் போயிருந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "கால் வலிக்குதா ஆதி?"

"இல்ல மாமா."

"அப்ப என் மொறைக்கும் நீயே எண்ணிடும்மா. குந்திக் குந்தி என் இடுப்பு போச்சு."

ஆதி அப்பாவைப் பார்த்தாள். அப்பா சிரித்துக்கொண்டே விலகி வழி விட்டார். அரிகிருஷ்ணனின் மகன் ஏற்றத்தில் ஏறினான்.

"ஒண்ணு" என்று ஆதி காலை எடுத்து வைத்தாள்.