அம்மா தூங்க ஓர் இடம்

அந்த வாரம் பொந்தியான் கடற்கரையில் பெய்த மழையைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நனைந்துவிடுவோமோ என்று பயந்து, மீன்களே கடலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டன!

அந்த மழையில் ஒரு வேன் ஊர்ந்து வந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, டம்ளர் அடுக்கிய அலமாரி எல்லாம் உண்டு. அப்பா தன் நண்பரிடம் இரவல் வாங்கிய வண்டி. நாளை மதியம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பத்து வயது லோஷினி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சன்னலில் தலை சாய்த்திருந்தார். கண்கள் திறந்தே இருந்தன.

அம்மா சரியாகத் தூங்கி மூன்று மாதம் ஆகிறது. பாலோ ஊரில் அப்பா வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையை மூடிவிட்டார்கள். குடும்பம் உலு திராமுக்கு வீடு மாறியது. அன்று போன தூக்கம்தான்.

அம்மா தேநீரில் உப்புப் போட்டார். லோஷினியின் பள்ளிப் பைக்குள் மீனையும், ஐஸ் பெட்டிக்குள் அவள் கணக்குப் புத்தகத்தையும் வைத்தார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பதே இல்லை. போன வாரம் சாலையைக் கடக்கும்போது லாரி வந்ததை அம்மா கவனிக்கவில்லை. லோஷினிதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அமைதியான இடத்துல ரெண்டு நாள் நல்லா தூங்கட்டும்" என்றார் டாக்டர். அப்பா அமைதியைத் தேடிக் கிளம்பினார்.

நேற்று ராத்திரி, சன்னலே இல்லாத ஓர் உயரமான கட்டடத்தின் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

"ஆளும் கிடையாது, நாயும் கிடையாது. இதவிட அமைதி எங்க இருக்கு?"

விளக்கை அணைத்ததும் தொடங்கியது. கீச்! கீச்! கீச்!

அது குருவிகள் கூடு கட்டுவதற்காகவே எழுப்பிய கட்டடம்; அந்தக் கூடுகளை எடுத்து விற்பார்கள். குருவிகளைக் கூப்பிட, விடிய விடிய ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போடுவார்கள். ஒன்றரைக் கோடி குருவிகள் ஒரே சமயத்தில் சண்டை போட்டதுபோல் இருந்தது.

"அலாமாக்! குருவிக்குப் போய்க் கச்சேரி வைக்கிறாங்களே!" என்று அப்பா தலையில் கைவைத்தார்.

இன்று கடைசி ராத்திரி. இருட்டும் நேரத்தில், அலையாத்திக் காட்டோரம் அப்பா ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். மழையும் சத்தமில்லாத தூறலாகிவிட்டது. அவ்வளவு அமைதி! கொசுக்கள்கூட நுனிக்காலில் நடந்தன.

அம்மா படுத்தார். அரை மணி நேரம் கழித்து லோஷினி எட்டிப் பார்த்தாள். அம்மா மேலே வெறித்துக்கொண்டிருந்தார்.

"தூக்கம் வரலையாம்மா?"

"வரலடா. ரொம்ப அமைதியா இருக்கு. காது எதையோ தேடிக்கிட்டே இருக்கு."

லோஷினி யோசித்தாள். மதியம் மீன் வாங்க வண்டி படகுத்துறையில் நின்றபோது, அம்மா பத்து நிமிடம் கண் அசந்தார். பக்கத்திலேயே ஐஸ் ஆலை, தடதடவென்று. அப்பாதான், "ஐயோ, இந்தச் சத்தத்துலயா!" என்று அவசரமாக வண்டியை எடுத்தார். அம்மா விழித்துக்கொண்டார்.

பாலோ வீட்டுச் சுவருக்குப் பின்னாலும் ஆலை இயந்திரம் ராத்திரி பகலாக ஓடும். டம்ளர்கள் ஆடும். அம்மா பிறந்து வளர்ந்ததும் அந்தச் சத்தத்தில்தான்.

"அப்பா, வண்டிய ஐஸ் ஆலைக்குத் திருப்புங்க!"

"என்ன லோஷி, டாக்டர் அமைதின்னு சொன்னாருல்ல?"

"டாக்டர் பாலோவுல தூங்கினதில்லையேப்பா!"

அப்பா அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

ஐஸ் ஆலை வாசலில் காவலாளி காளியப்பன் குடையோடு வந்தார். அவர் முகம் அந்த வானத்தைவிட இருண்டிருந்தது.

லோஷினி இறங்கி ஓடினாள். "அங்கிள், இந்த மெஷின் ராத்திரி பூரா ஓடுமா?"

"ஓடும். நீயும் புகார் பண்ண வந்தியா? போன மாசம்தான் ரெண்டு பேரு கத்திட்டுப் போனாங்க."

"இல்ல அங்கிள். தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்கன்னு சொல்ல வந்தேன். எங்கம்மா தூங்கணும்."

காளியப்பன் வாயைப் பிளந்தார். அதற்குள் ஒரு மீன்பிடிப் படகை நிறுத்தியிருக்கலாம்.

அவள் முழுவதும் சொல்லி முடித்ததும் அவர் குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்தினார். "லாரி வர்ற வழிய விட்டுட்டு, அந்தச் சுவரோரம் நிறுத்தச் சொல்லு. அங்கதான் சத்தம் நல்லா கேக்கும் லா."

சுவரோரம் வண்டி நின்றது. தடதடதட. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"டம்ளர் ஆடுது" என்றார் அம்மா மெதுவாக. அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். குறட்டைதான் வந்தது.

காலையிலும் மழை விடவில்லை. மணி பத்து. அப்பாவின் போனை ஐஸ் ஆலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தபடி லோஷினி நின்றிருந்தாள்.

"என்னம்மா செய்யற?" என்றார் காளியப்பன்.

"சத்தத்த உலு திராமுக்குக் கொண்டு போறேன் அங்கிள். குருவிக்கு வைக்கிறாங்க, அம்மாவுக்கு வைக்கக் கூடாதா?"

"தாராளமா எடுத்துக்கோ. ஆனா மொதல்ல உங்க வேன் மெஷின நிறுத்தச் சொல்லு. ராத்திரி பூரா என்னால கேக்க முடியல!"

"அது மெஷின் இல்ல அங்கிள்" என்றாள் லோஷினி. "எங்கம்மா."